ஹார்லெம் பாணியில் ஓர் எளிய சாப்பாட்டு மேசை வரைவது எப்படி?

டச்சு ஸ்டில் லைஃப் (அசையாப் பொருள்களை வரையும் ஓவியம்) என்றதும் பூங்கொத்தும் நண்டும் வெள்ளிப் பாத்திரமுமாக நிரம்பி வழியும் படங்கள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். என் மனம் போய் நிற்பது வேறு இடத்தில்: 1620, 30களில் நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தில் பீட்டர் கிளாஸ், வில்லெம் ஹேடா என்ற ஓவியர்கள் வரைந்த சின்ன மேசைகள். ஹெர்ரிங் மீன், ரொட்டி, கோப்பையில் பீர், அவ்வளவுதான். இன்றைக்கும் அப்படி வரையலாம். நிறைய பேர் வரைய வேண்டும் என்பது என் ஆசை.

பொருள்கள் நாலைந்து போதும். யாரோ பாதி சாப்பிட்டுவிட்டு எழுந்துபோன மாதிரி இருக்கட்டும். ரொட்டியைக் கொஞ்சம் பிய்த்துவிடுங்கள். தட்டை மேசை விளிம்புக்கு வெளியே சற்று நீட்டி வையுங்கள். கத்தி குறுக்காக, பிடி நம் பக்கம். படத்துக்கு ஆழம் தருவது இவை இரண்டும்தான். மேசையை ஒட்டினாற்போல் தாழ உட்கார்ந்து பாருங்கள். வெளிச்சம் இடப்பக்க ஜன்னலிலிருந்து மட்டும், மின்விளக்கை அணைத்துவிடுங்கள்.

கேன்வாஸில் முதலில் சாம்பல் கலந்த பழுப்பைப் பூசிக் காயவிடுங்கள். அப்புறம் நாலு வண்ணங்கள் போதும்: எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), ரா அம்பர் (மண் பழுப்பு), ஐவரி பிளாக் (கறுப்பு), டைட்டானியம் ஒயிட் (வெள்ளை). அந்த ஹார்லெம் ஓவியர்கள் பூசிய ஈய வெள்ளை நச்சு, வீட்டுக்கு வேண்டாம்.

நீலமும் வாங்காதீர்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பலை ஓக்கருக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே நீலமாகத் தெரியும். ஹெர்ரிங்கின் முதுகுக்கு அந்த நீலம் தாராளம். வயிற்றுப் பக்கம் வெளிறிய சாம்பலில் ஓக்கர் ஒரு துளி. செதில்களை எண்ணி எண்ணி வரைய வேண்டாம். எங்கே பளபளப்பு நின்று மங்கல் தொடங்குகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். மீனைத்தான் முதலில் முடிக்க வேண்டும். சில மணி நேரத்தில் அதன் தோல் மங்கிவிடும்.

கண்ணாடிக் கோப்பைக்குத் தனி நிறம் கிடையாது. பின்சுவரையும் உள்ளிருக்கும் பீரையும் வரையுங்கள், பிறகு விளிம்பு. கடைசியில் ஜன்னலின் பிரதிபலிப்பு: இடது வளைவில் பளிச்சென்று ஒன்று, எதிர்ப்பக்கம் உட்புறத்தில் மங்கலாக இன்னொன்று. ஹேடா 1635இல் வரைந்த, பொன்முலாம் பூசிய கோப்பை உள்ள படத்தை ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இலவசமாகப் பெரிதாக்கிப் பார்க்கலாம். அது ஆடம்பர மேசைதான், ஆனாலும் கண்ணாடி வரையக் கற்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

ரொட்டிக்கு அவசரமே இல்லை. காய்ந்தாலும் உருவம் அப்படியே இருக்கும். அடுத்த நாள் அதே வெளிச்சம் வரும் நேரத்தில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளலாம்.