உரத்தொட்டியின் நாற்றம் நின்ற விதம்

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சமையலறைக் கழிவை மக்க வைக்கும் தொட்டி, ஆனி மாதச் சாரல் தொடங்கியதும் அழுகிய முட்டை போல நாறத் தொடங்கியது. கழிவு காற்றில்லாமல் அழுகுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். அப்படி அழுகும்போது உண்டாகும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கும் என்பதால், குப்பை வண்டியில் போடாமல் வீட்டிலேயே மக்க வைப்பதன் பயனே கெட்டுவிடும்.

வேப்பம்புண்ணாக்கு தூவியதில் புழு குறைந்தது, நாற்றம் குறையவில்லை. புளித்த மோர் தெளித்ததில் ஈரம்தான் கூடியது. தொட்டியைச் சாய்த்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அடித்துளைகள் அடைபடாமலே இருந்தன. ஆனால் தொட்டி சமமான தளத்தோடு ஒட்டி நின்றதால், கசிவுநீர் வடியவும் காற்று ஏறவும் வழியில்லை. ஓட்டுத் துண்டுகளின் மேல் தூக்கி வைத்து, கழிவின் அளவுக்குச் சமமாகத் தென்னை நார்க்கழிவைக் கலந்து கிளறினேன். கயிறு ஆலைகள் நிறைந்த எங்கள் பக்கம் அது எளிதில் கிடைக்கும். செடிக்கு இடுவதுபோல் நனைக்காமல், உலர்ந்த தூளாகவே சேர்க்க வேண்டும் என்பதுதான் பலரும் கவனிக்காதது. சில நாள்களில் மண்வாசனை வந்தது, பெரிய நிம்மதி. இப்போது குழம்பு மிச்சத்தை வடிகட்டிய பிறகே தொட்டியில் இடுகிறோம்.