மலைக்குளிரில் சாணி எரிவாயு: இரண்டு மாடு, இரண்டு தண்ணீர்த் தொட்டி

நீலகிரியில் கோத்தகிரியிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், இருக்கிறோம். இரண்டு மாடு, அரை ஏக்கர் தேயிலை, கேரட்டும் மலைப்பூண்டும் மாற்றி மாற்றிப் போடுகிற இருபது சென்ட் நிலம். தொழுவத்துக்குப் பின்னால் சாணிக் குவியல் மழையில் கரைந்து கீழ்வீட்டுக்காரர் வாசல் வரைக்கும் போய், அவர் ஒருநாள் வந்து "தம்பி, இதை ஏதாவது பண்ணப்பா" என்று சொன்ன பிறகுதான் கோபர் கேஸ் யோசனையே வந்தது. விசாரித்த இடத்திலெல்லாம் ஒரே பதில்: மலையில் எடுபடாது. பாதி சரி. சமவெளிக் கணக்கை அப்படியே மேலே கொண்டுவந்து போட்டால் எடுபடாது. கணக்கை மாற்றினால் எரிகிறது.

முதலில் அந்தக் கணக்கு. சாணியைத் தின்று மீத்தேன் விடுகிற நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி சூடு இருந்தால் கொண்டாட்டம், 15-க்குக் கீழே போனால் சோம்பல், 10-க்குக் கீழே ஏறக்குறைய தூக்கம். அதனால்தான் சாணிக் கரைசல் எத்தனை நாள் தொட்டிக்குள் இருக்க வேண்டும் என்பது ஊருக்கு ஊர் மாறும். தமிழ்நாடு, கேரளா மாதிரி சூடான மாநிலங்களுக்கு 30 நாள் என்று வைத்துக் கலன் வடிவமைக்கிறார்கள், இமாச்சலம், சிக்கிம் மாதிரிக் குளிர்ப் பகுதிக்கு 55 நாள். நாம் தமிழ்நாட்டில் இருக்கிறோம் என்பதற்காக நமக்கு 30 நாள் கலனைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஊட்டியில் புல்மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் ஜனவரிக்கு அது தாங்காது. நம் கணக்கு சிக்கிம் கணக்கு. கூடலூர் மாதிரி ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருப்பவர்கள் 40 நாள் வைத்துக்கொள்ளலாம், அங்கே குளிர் இவ்வளவு இல்லை.

என்னென்ன வேண்டும்

1000 லிட்டர் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதற்குள் போகும் 750 லிட்டர் தொட்டி ஒன்று. பழையது போதும், ஆனால் விரிசல் இருக்கக் கூடாது. 3 அங்குல பிவிசி குழாய், டேங்க் நிப்பிள், வாயுவைத் திறந்து மூட ஒரு பால் வால்வு (ball valve), அரை அங்குல ரப்பர் ஹோஸ், எம்-சீல். கோபர் கேஸுக்கென்றே விற்கும் ஒற்றை அடுப்பு. சமையல் சிலிண்டர் அடுப்பையே பயன்படுத்தலாமா என்று எல்லாரும் கேட்பார்கள். அதன் ஜெட் துளை ரொம்பச் சின்னது, காற்றும் அதிகம் இழுக்கும், சாண வாயு அதில் பற்றவே பற்றாது. துளையைப் பெரிதாக்கி ஒப்பேற்றுகிறவர்கள் உண்டு. நான் செய்து பார்த்து ஒரு அடுப்பைப் பாழாக்கினேன், நீங்கள் புதிதாக வாங்கிவிடுங்கள்.

இடம்

காலை ஒன்பது மணியிலிருந்து வெயில் விழுகிற இடமாக வேண்டும். சீகை மரம், கற்பூர மரம் நிழல் வேண்டவே வேண்டாம். தொழுவத்துக்குப் பக்கத்தில், அதே சமயம் அடுப்படியிலிருந்து பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள். தள்ளிப் போகப் போகக் குழாயில் தண்ணீர் சேரும், அதை அப்புறம் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை பலமாக இருக்கும், மண் சரியும், ஆகவே வெட்டிய மேட்டின் ஓரத்தில் வைக்காதீர்கள். காட்டுமாடு வரும் ஊர் என்றால் சுற்றிலும் நாலு கம்பமாவது நட வேண்டும். எங்கள் கலனின் முதல் ஹோஸ் அதன் கொம்பில் மாட்டித்தான் போயிற்று.

கலன் செய்வது

பெரிய தொட்டியின் தோள்பகுதியை, அதாவது மேலே குறுகத் தொடங்கும் இடத்தை, வட்டமாக அறுத்து எடுங்கள். சின்னதையும் அப்படியே. சின்னத் தொட்டியைக் கவிழ்த்துப் பெரியதற்குள் இறக்கிப் பாருங்கள், சுற்றிலும் இரண்டு விரற்கடை இடைவெளியோடு உரசாமல் மேலும் கீழும் போக வேண்டும். கவிழ்த்த பிறகு மேலே இருப்பது அதன் அடிப்பாகம் அல்லவா, அங்கே ஒரு துளை போட்டு வால்வைப் பொருத்துங்கள். வாயு அதன் வழியாகத்தான் வெளியே வரும்.

உள்ளே ஊற்றும் குழாய் பெரிய தொட்டியின் அடிப்பக்கச் சுவரில் நுழைய வேண்டும், வெளியே அது மேல் விளிம்பைத் தாண்டி ஒரு அடி உயர வேண்டும், உச்சியில் ஒரு புனல் மாதிரி பழைய வாளி. இங்கேதான் என் தப்பு. கடைக்காரர் கொடுத்த சாதாரண செங்கோண எல்போவைப் போட்டுவிட்டேன். பதினெட்டாவது நாள் வைக்கோல் துணுக்கு போய் அந்த முழங்கையில் அடைத்துக்கொண்டது, குச்சி விட்டால் வளைவில் முட்டி நின்றுவிடும், உள்ளே போகாது. கடைசியில் தொட்டியைப் பாதி காலி செய்து, முழங்கை வரைக்கும் கையை விட்டு எடுத்தேன், அந்த நாற்றம் இரண்டு நாள் சோற்றுக் கையில் இருந்தது. 45 டிகிரி வளைவு கேட்டு வாங்குங்கள். நீளமான மூங்கில் குச்சி நேராக உள்ளே போகும்.

வெளியேறும் குழாய் மேல் விளிம்புக்கு நாலு அங்குலம் கீழே. ஒரு பக்கம் 14 லிட்டர் ஊற்றினால் மறுபக்கம் 14 லிட்டர் தானாக வழியும். அதன் கீழே ஒரு டிரம் வையுங்கள், நிழலில்.

கவிழ்ந்த தொட்டி வெறும் பிளாஸ்டிக், அதன் எடைக்கு வாயு அழுத்தம் பத்தாது, அடுப்பில் திரி மாதிரி எரியும். மேலே சுற்றுவட்டமாகச் சமமாக நாற்பது கிலோ அளவுக்கு சிமெண்ட் கல் அடுக்கினால் அழுத்தம் ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் தண்ணீர் உயரத்துக்கு வரும், சுடர் நிற்கும். ஒரு பக்கமாக அடுக்கினால் சாய்ந்து இடைவெளி வழியே வாயு புஸ்ஸென்று போய்விடும்.

குளிருக்குப் போர்வை

சமவெளிக்காரர்களுக்கு இந்தப் பகுதி வேண்டாம், நமக்கு இதுதான் உயிர். கலனைச் சுற்றி ஒரு அடி தள்ளிப் பலகையாலோ கல்லாலோ ஒரு வட்டம் கட்டுங்கள். நடுவில் இருக்கும் இடத்தில் தொழுவத்துக் கூளம், மாடு கழித்த புல், மிச்சச் சாணி, கேரட் தழை எல்லாவற்றையும் கலந்து ஈரமாக அழுத்தி நிரப்புங்கள். அது மக்கும்போது நடுப்பகுதி 50, 60 டிகிரி வரை தானே சூடாகும். போன ஜனவரியில் விடியற்காலை வெளியே 6 டிகிரி இருந்த ஒரு நாள், கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தேன்: 23. முந்தைய வருஷம் இந்தக் கூளம் இல்லாமல் 15-தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கூளத்தைத் தோண்டி எடுத்து வயலுக்குப் போட்டுவிட்டுப் புதிது நிரப்ப வேண்டும். மேலே ஒரு கூடாரம் மாதிரி பசுமைக்குடில் ஷீட். கொய்மலர் போடுகிறவர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுவார்கள், பழையதைக் கேட்டால் சும்மாவே தருவார்கள். மழைத்தண்ணீர் உள்ளே போகாமலும் அது காக்கும்.

முதல் நிரப்பல்

பங்குனி, சித்திரையில் தொடங்குங்கள். மார்கழியில் தொடங்கினால் மாசி வரைக்கும் வெறும் சாணித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

சாணிக்குச் சம அளவு தண்ணீர், கட்டி இல்லாமல் கையாலோ துடைப்பத்தாலோ கரைத்து, வைக்கோல், கல், மண் எல்லாம் பொறுக்கி, ஊற்றுங்கள். மொத்தம் 800 லிட்டர் பிடிக்கும், அதாவது 400 கிலோ சாணி. இரண்டு மாட்டுக்கு இது இருபது நாள் சாணி, அக்கம்பக்கத்தில் கேட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். எங்காவது ஓடுகிற கலன் இருந்தால் அதிலிருந்து எண்பது லிட்டர் கரைசலாவது வாங்கி வந்து ஊற்றுங்கள். தயிருக்கு உறை மோர் மாதிரி. அது இல்லாமலும் நடக்கும், நாள்தான் ஆகும்.

அப்புறம் காத்திருங்கள். எனக்கு 41-வது நாள் நீலச் சுடர் வந்தது. முதலில் தொட்டி மேலே எழும்பியதும் சந்தோஷத்தில் பற்ற வைக்கப் போகாதீர்கள், உள்ளே இருப்பது காற்றும் கரியமில வாயுவும். முதல் இரண்டு முறை எழும்பியதை வால்வைத் திறந்து வெளியே விட்டுவிடுங்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் வெடிக்கும். கசிவு பார்க்க சோப்பு நுரை மட்டும்தான், தீக்குச்சி கூடவே கூடாது. அழுகிய முட்டை வாசனை அடுப்படியில் வந்தால் ஜன்னலைத் திற, வால்வை மூடு, அப்புறம்தான் மற்றது. பெரிய குழிக்கலன் கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: என்ன விழுந்தாலும் உள்ளே இறங்காதீர்கள், இறங்கியவரைத் தூக்கப் போனவரும் சேர்ந்து போன கதைகள் ஏராளம்.

தினசரி

800 லிட்டரை 55-ஆல் வகுத்தால் நாளைக்குப் பதினாலரை லிட்டர். ஆக 7 கிலோ சாணி, 7 லிட்டர் தண்ணீர். அவ்வளவுதான். மாடு இருபது கிலோ போடுகிறதே என்று எல்லாவற்றையும் கொட்டினால் நுண்ணுயிர் பெருகுவதற்குள் வழிந்து வெளியே வந்துவிடும். மிச்சம் போர்வைக் கூளத்துக்கு. விடியற்காலையில் ஊற்றாதீர்கள், ஒரு கறுப்புக் கேனில் தண்ணீரை வெயிலில் வைத்து, பதினோரு மணிக்கு அதில் கரைத்து ஊற்றுங்கள். மாட்டின் கோமியத்தைத் தண்ணீரோடு கொஞ்சம் சேர்க்கலாம்.

கோழி எருவைப் போடலாமா? கீழேயிருந்து லாரி லாரியாகக் கேரட் வயலுக்கு வருகிறதே, கொஞ்சம் இதற்கும் என்று எனக்கும் ஆசை வந்தது. மாட்டுச் சாணியில் கரிமமும் தழைச்சத்தும் 20, 25-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கும், நுண்ணுயிருக்கு அது பொருத்தம். கோழி எருவில் 10-க்கு 1 மட்டும்தான், அமோனியா கிளம்பி நுண்ணுயிரையே கொன்றுவிடும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். ஆட்டுப் புழுக்கை சரி, ஒரு ராத்திரி ஊற வைத்து மசித்த பிறகு. குதிரைச் சாணம் நார், மேலே ஆடையாக மிதக்கும். மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் சாணியை ஒரு வாரம் தனியாகப் போடுங்கள், அந்த மருந்து நல்ல கிருமி கெட்ட கிருமி பார்க்காது. தொழுவம் கழுவிய பினாயில் தண்ணீரும் தொட்டிக்குள் போகக் கூடாது.

சுடர் மஞ்சளாகித் தேய்ந்து, கரைசல் புளித்த மாவு மாதிரி வீசினால் தொட்டி புளித்துவிட்டது. ஒரு வாரம் ஒன்றும் ஊற்றாதீர்கள், ஒரு கைப்பிடி சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுங்கள். பி.எச். காகிதம் 6.8-க்கும் 7.2-க்கும் நடுவில் காட்டினால் மறுபடி பாதி அளவில் தொடங்கலாம்.

அடுப்பு விக்கி விக்கி எரிந்தால் குழாயில் தண்ணீர். நம் குளிரில் இது தினசரித் தொல்லை. ஹோஸ் எங்கேயும் தொங்காமல் ஒரே சரிவாக இருக்க வேண்டும், சரிவின் அடியில் ஒரு 'டி' (T) இணைப்பு போட்டு, அதன் கீழ்க்காலை ஒரு அடி ஆழம் தண்ணீர் உள்ள பாட்டிலுக்குள் முக்கி வையுங்கள். சேரும் ஈரம் அதில் இறங்கிவிடும்.

என்ன கிடைக்கும்

ஏமாற்ற மாட்டேன். ஒரு கிலோ சாணி நல்ல சூட்டில் 40 லிட்டர் வாயு தரும், ஆக நாளைக்கு 280 லிட்டர். ஒற்றை அடுப்பில் நாற்பது நிமிஷம் வரும், குளிர் மாதத்தில் பாதி. காலை டீயும் ஒரு பொங்கலும். மாதத்துக்குச் சிலிண்டர் எரிவாயு மூன்று கிலோ சொச்சம் மிச்சம், அதாவது 14.2 கிலோ சிலிண்டரில் கால்வாசி. முழுச் சமையலும் இதிலேயே வேண்டுமென்றால் நாலைந்து மாடும் தினம் 50 கிலோ சாணியும் இருக்க வேண்டும், அதற்கு தீனபந்து மாதிரி குவிமாடக் கலன் கட்டுங்கள். மானியம் பற்றிக் குன்னூரில் இருக்கும் உபாசி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

ஆனால் மறுபக்கம் வழிகிறதே, அந்தப் பதினாலு லிட்டர், அதுதான் என் வரவு. வருஷத்துக்கு 5000 லிட்டர் ஸ்லரி. நாற்றம் இல்லை, ஈ மொய்க்காது, களை விதை ஓரளவு செத்திருக்கும். பச்சைச் சாணியில் போட்ட கேரட் இரண்டு கால் மூன்று காலாகக் கிளைத்து மார்க்கெட்டில் ஒதுக்கிவிடுவார்கள், ஸ்லரி போட்ட பாத்தியில் அந்தத் தொல்லை எனக்குக் குறைந்தது. வெயிலில் காயப் போட்டால் தழைச்சத்து அமோனியாவாகப் பறந்துவிடும், ஆகவே ஈரமாகவே, ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து வேரடியில் விடுங்கள். கேரட் பச்சையாகத் தின்கிற பொருள், அறுவடை நெருங்கும்போது நிறுத்திவிடுங்கள். பூண்டுக்கு நடவுக்கு முன்னாலேயே மண்ணில் கலந்துவிடுகிறேன்.

தேயிலைக் கவாத்துக் குச்சியைச் சின்னதாக நறுக்கி ஸ்லரியில் ஊற வைத்து மண்புழுத் தொட்டியில் போடலாம். ஆப்பிரிக்கப் புழு என்று சமவெளியில் விற்பதை வாங்காதீர்கள், நம் குளிர் அதற்கு ஆகாது. சிவப்பாக, கோடு கோடாக இருக்கும் ஐசினியா ஃபெட்டிடாவைக் கேளுங்கள்.

போன வாரம் கீழ்வீட்டுக்காரர் மறுபடி வந்தார், கையில் இரண்டு காலி டிரம். வாரத்துக்கு ஒரு டிரம் ஸ்லரி தரச் சொல்கிறார், பதிலுக்கு அவர் மாட்டுச் சாணியும் தருகிறாராம். இரண்டாவது தொட்டிக்கு ஆயிரம் லிட்டரா, ஐந்நூறா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.