பெட்டி குறை சொல்லாது, அதுதான் சிக்கல்: சரக்கு விமானி ஆக நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

"பயணிகள் கிடையாது, அறிவிப்பு கிடையாது, லேட்டானால் திட்ட ஆள் கிடையாது. ஜாலியான வேலைதானே சார்?" சரக்கு விமானம் என்றதும் பயிற்சி மாணவர்கள் கேட்பது இதுதான். பாதி சரி. பெட்டி குறை சொல்லாது. ஆனால் பெல்ட் அவிழ்ந்தால் அது கத்தாது, கருகிய வாடை வந்தால் மணி அடித்துக் கூப்பிடாது. பின்னால் நடப்பதை எல்லாம் முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது மண்டையில் ஏறாததால்தான் மற்ற பல தவறுகள் வருகின்றன.

முதலில் பணத்தில் நடக்கும் தவறு. இந்தியாவில் சி.பி.எல். எனும் வணிக விமானி லைசென்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்தால் போதும். லைசென்ஸ் கைக்கு வந்த வேகத்தில், வேலை உறுதியாகும் முன்பே, கடன் வாங்கி டைப் ரேட்டிங், அதாவது குறிப்பிட்ட ஒரு விமான ரகத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சி, முடித்துவிடுகிறார்கள். எந்த விமானத்துக்கு என்று யோசிப்பதில்லை. சென்னையைத் தளமாகக் கொண்டு 1996 முதல் பறக்கும் புளூ டார்ட் ஏவியேஷனிடம் இருப்பவை போயிங் 757, 737 ரகங்கள். இண்டிகோ 2022-இல் சரக்குக்குக் கொண்டுவந்தது ஏ320 குடும்பத்தைச் சேர்ந்த ஏர்பஸ் ஏ321. ஏ320 குடும்பத்துக்கோ 737-க்கோ எடுத்த ரேட்டிங் பயணிகள் விமானத்துக்கும் பயன்படும். 757 அப்படி இல்லை, இங்கே அதைச் சரக்குக்குத்தான் ஓட்டுகிறார்கள். எந்த ரகமானாலும், ரேட்டிங் எடுத்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருந்தால் கருவிப் பறத்தல் சோதனை (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தேர்வு) காலாவதியாகும், கையும் மறந்துபோகும். வேலைக்கு அழைப்பு வரட்டும், அப்புறம் ரேட்டிங்.

இதற்கும் முந்தைய தவறு ஒன்று உண்டு. முதல் வகுப்பு மருத்துவச் சான்று கிடைக்குமா என்று பார்க்காமலே பயிற்சிப் பள்ளிக்குக் கட்டணம் கட்டுவது. நிறப்பார்வைக் குறை இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது. வீட்டை அடமானம் வைத்த பிறகு அது தெரியவந்தால் என்ன செய்வது?

அமெரிக்காவில் பயிற்சி முடித்தால் அப்படியே அங்குள்ள பெரிய சரக்கு நிறுவனங்களில், மெம்பிஸில் ஃபெடெக்ஸிலோ லூயிவில்லில் யு.பி.எஸ்.ஸிலோ, நுழைந்துவிடலாம் என்பது இன்னொரு கனவு. அங்கே வேலை செய்யும் சட்டபூர்வ உரிமை இல்லாதவருக்கு லைசென்ஸ் மட்டும் கதவைத் திறக்காது. உரிமை உள்ளவர்களும் பொதுவாக 1,500 மணி நேரத்தை எட்டிய பிறகே பெரிய விமானத்தில் துணை விமானியாக உட்கார முடியும். அதுவரை சின்ன ஊர்களிலிருந்து செஸ்னா கேரவனில் பெட்டிகளைக் கொண்டுவந்து பெரிய நிறுவனத்திடம் சேர்க்கும் ஃபீடர் வேலை பலருக்கு ஏணியாக இருக்கிறது. ஒற்றை எஞ்சின், பெரும்பாலும் தனி ஆள், மழையானாலும் பனியானாலும் விடியும் முன் கிளம்ப வேண்டும். இதைக் கேவலமாக நினைத்து ஒதுக்குகிறவர்கள் நல்ல பள்ளிக்கூடத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

நேர்காணலில் வாயால் கெடுபவர்கள் தனி ரகம். "பயணிகள் விமானத்தில் இடம் கிடைக்கும்வரை இங்கே இருக்கலாம் என்று..." என்று தொடங்கினால் எதிரே இருப்பவர் பேனாவை மூடிவிடுவார். பறக்காத மணிகளைப் பதிவேட்டில் எழுதுவது அதைவிட மோசம். 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் பிடிபட்டு, கைது வரை போனது பலருக்கு நினைவிருக்கும். இருநூறு மணி என்று எழுதியவர் நூற்றிருபது மணிதான் பறந்திருக்கிறார் என்றால், சிமுலேட்டரில் உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் அது தெரிந்துவிடும்.

சரி, வேலை கிடைத்துவிட்டது. இனி எதிரி தூக்கம்.

சரக்கு இரவில்தான் நகரும். மாலையில் சேர்ந்த பெட்டி காலையில் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. அதிகாலை இரண்டு முதல் ஆறு மணி வரை உடம்பு மிகவும் தளர்ந்திருக்கும், அந்த நேரத்தில்தான் தரையிறங்க வேண்டியிருக்கும். 2013 ஆகஸ்ட் 14 அன்று லூயிவில்லிலிருந்து அலபாமாவின் பர்மிங்ஹாமுக்குப் போன யு.பி.எஸ். ஏ300 விமானம், விடியும் முன், ஓடுபாதையைத் தொடுவதற்கு முன்பே தரையில் மோதியது. இரு விமானிகளும் இறந்தார்கள். நீளமான ஓடுபாதை பராமரிப்புக்காக மூடியிருந்ததால் வேறு பாதையில் இறங்க வேண்டியிருந்தது. விமானம் நிலைப்படாமல் இறங்கியும் அவர்கள் மேலே தூக்கிச் சுற்றி வரவில்லை. களைப்பும் ஒரு காரணம் என்றது விசாரணை. ஓய்வுக்குக் கிடைத்த நேரத்தைத் துணை விமானி தூக்கத்துக்குச் சரியாகப் பயன்படுத்தவில்லை என்பதையும் அறிக்கை குறிப்பிட்டது. பயணிகள் விமானிகளுக்காக அப்போது வரவிருந்த புதிய ஓய்வு விதிகள் சரக்கு விமானிகளுக்குப் பொருந்தாது என்று கிளம்பும் முன் இருவரும் பேசிக்கொண்டது குரல்பதிவில் இருக்கிறது. 2014 ஜனவரியில் அந்த விதிகள் நடைமுறைக்கு வந்தன, சரக்குக்கு விலக்கோடு.

விதி கொடுப்பது ஓய்வு நேரத்தை மட்டும்தான். அந்த நேரத்தில் தூங்குவது உங்கள் வேலை. ஹோட்டல் அறைக்குப் போனதும் போனில் ஒரு மணி நேரம், பிறகு ஊர் சுற்றல், மாலையில் "கொஞ்சம் கண்ணை மூடுவோம்" என்பது புதியவர்களின் வழக்கம். வீட்டிலோ இன்னும் சிரமம். பகல் பதினொன்றுக்குத் தூங்கும் ஆளை அக்கம்பக்கம் வேலையில்லாதவன் என்றுதான் நினைக்கும். சிலிண்டர்காரர், மாமியாரின் போன், தெருமுனைக் கோயிலின் ஒலிபெருக்கி, எல்லாம் வரும். அடர்த்தியான திரைச்சீலைக்கும் காதடைப்பானுக்கும் செலவழிக்கக் கணக்குப் பார்க்காதீர்கள். களைப்பாக இருந்தால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக் கிளம்புவதை வீரம் என்று நான் எண்ண மாட்டேன்.

குடிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வரி. இந்தியாவில் மூச்சுச் சோதனையில் முதல் முறை சிக்கினால் மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம், இரண்டாம் முறை மூன்று ஆண்டு. வாய் கொப்பளிக்கும் திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்தது சுமை. எந்தச் சுமை எங்கே, எவ்வளவு எடை என்று காட்டும் லோட் ஷீட் வந்ததும் கண்ணை ஓட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவது பழக்கமாகிவிடும். பயணிகள் நாற்காலியில் ஓரளவு பரவி உட்காருவார்கள். சரக்கில், பெட்டிகளை அடுக்கிக் கட்டிய ஒரே தட்டு பல டன் இருக்கலாம். பின்பக்கம் முதலில் ஏற்றிவிட்டால், நிற்கும் விமானமே வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். அதற்காகத்தான் வாலுக்கு முட்டுக் கொடுக்கிறார்கள்.

2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானிஸ்தானின் பக்ராமில் விழுந்த 747-இன் வீடியோவை நீங்கள் பார்த்திருக்கலாம். உள்ளே ஐந்து ராணுவக் கவச வாகனங்கள். கட்டு போதாததால் ஒன்று பின்னோக்கி நகர்ந்து, பின்சுவரை உடைத்து, ஹைட்ராலிக் குழாய்களையும் வால் சிறகை இயக்கும் பொறியையும் சேதப்படுத்தியது. மூக்கு மேலே போனது, இறக்க வழியில்லை. ஏழு பேரும் இறந்தார்கள். எரிபொருளுக்காக அங்கே நின்றபோது பட்டை அறுந்திருந்ததையும் சரக்கு சற்று நகர்ந்திருந்ததையும் அவர்கள் பார்த்துப் பேசியிருக்கிறார்கள். கட்டுவது சரக்கேற்றத்தைக் கவனிக்கும் லோட்மாஸ்டரின் வேலைதான். ஆனாலும் அறுந்த பட்டையைப் பார்த்த பிறகு அது விமானியின் வேலையும் ஆகிவிடுகிறது. நேரம் ஆனாலும் பின்னால் போய்க் கையால் தொட்டுப் பாருங்கள்.

கடைசியாக நோட்டாக். அபாயப் பொருள் எது, எந்த இடத்தில் இருக்கிறது என்று கேப்டனுக்குத் தரும் தாள். பெரும்பாலான இரவுகளில் அதில் சுவாரசியம் எதுவும் இருக்காது, அதனால் மடித்து வைத்துவிடுவார்கள். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கொலோனுக்குக் கிளம்பிய யு.பி.எஸ். 747-இல் நிறைய லித்தியம் பேட்டரிகள் இருந்தன. அவற்றில் சில அபாயப் பொருள் என்று அறிவிக்கப்படவே இல்லை. ஆகவே தாளில் இல்லாததும் பின்னால் இருக்கலாம். மேல்தளச் சரக்கறையில் தீயணைப்பு வாயு கிடையாது. காற்றழுத்தத்தை இறக்கி, ஆக்சிஜனைக் குறைத்துத் தீயை அடக்குவதுதான் அங்கே இருந்த முறை. புகை காக்பிட்டுக்குள் நிறைந்து கருவிகளே தெரியாமல் போயின. முதலில் தீ எச்சரிக்கை வந்தபோதே, துபாயைவிட தோஹா அருகில் இருப்பதைத் தரையிலிருந்த கட்டுப்பாட்டாளர் சொன்னார். தீ எவ்வளவு பெரிது என்று தெரியாத அந்த நொடியில் கேப்டன் துபாய்க்கே திரும்ப முடிவெடுத்தார். இருவரும் உயிர் பிழைக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து அவரைக் குறை சொல்வது எளிது, நான் சொல்லமாட்டேன். ஆனால் புறப்படும் முன், தாளை விரித்து வைத்து, "இந்த இடத்தில் புகை வந்தால் எங்கே இறங்குவோம், அதைத் தாண்டிய பிறகு எங்கே?" என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.