நான்கு கேப்ஸ்யூல், ஒரே புள்ளி: சரவுண்ட் மைக் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு மைக்குகளை நான்கு திசையில் திருப்பி ஒட்டினால், சுற்றியுள்ள ஒலியைத் திசையோடு பதியும் சரவுண்ட் மைக் ஆகிவிடும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 1970களில் இங்கிலாந்தில் மைக்கேல் கெர்சனும் பீட்டர் கிரேவனும் வகுத்த நான்முகி (நான்கு முக்கோண முகம் கொண்ட வடிவம்) அமைப்பில், நான்கு கேப்ஸ்யூல்களும் (மைக்கில் ஒலியை வாங்கும் சிறு பாகங்கள்) ஒரே புள்ளியில் இருப்பதாகப் பாவித்துத்தான் கணக்கு நடக்கிறது. நான்கையும் கூட்டினால் திசையில்லாத ஒலி. முன்னால் இருக்கும் இரண்டையும் கூட்டி, பின்னால் இருக்கும் இரண்டையும் கழித்தால் முன்–பின். இதே வழியில் இடம்–வலம், மேல்–கீழ். அந்தப் 'புள்ளி' பெரிதாகப் பெரிதாகக் கணக்கு பொய்க்கும்.

மையத்திலிருந்து கேப்ஸ்யூல் 1.5 செ.மீ. தள்ளியிருந்தால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 2.45 செ.மீ. வரும். இது அரை அலைநீளமாவது 7,000 ஹெர்ட்ஸ் வாக்கில்; அங்கிருந்து திசைக் கணக்கு குழம்பும். வயர் போக வசதியாக இருக்கட்டுமே என்று மையத்திலிருந்து 3 செ.மீ. தள்ளினால், 3,500 ஹெர்ட்ஸிலேயே திசை குழம்பத் தொடங்கும். பேச்சின் மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்பதற்கு அந்தப் பகுதிதான் முக்கியம். 14 மி.மீ. கேப்ஸ்யூலுக்கு 1.5 செ.மீ. தாராளம், கை பொறுமையாக இருந்தால் இன்னும் குறைக்கலாம்.

அடுத்தது, அழகுக்காகச் செய்யும் தவறு. 3டி பிரிண்டரில் வழவழவென்று ஒரு பந்து செய்து, அதில் கேப்ஸ்யூல்களைப் பதித்துப் பசை போட்டு அடைத்துவிடுவது. நானும் செய்திருக்கிறேன். கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகமாக வாங்கும்) கேப்ஸ்யூலுக்குத் திசை தெரிவதே, முதுகில் இருக்கும் துளை வழியாகவும் ஒலி நுழைவதால்தான். அதை அடைத்தால் எல்லாப் பக்கமும் ஒரேபோலக் கேட்கும் ஆம்னி ஆகிவிடும். அப்புறம் எதிலிருந்து எதைக் கழித்தாலும், முக்கியமாகத் தாழ்ந்த சுரங்களில், மிஞ்சுவது இரைச்சல்தான். பந்து வேண்டாம், மெல்லிய சட்டம் போதும், முதுகுப் பக்கம் காற்றோட்டமாக இருக்கட்டும்.

ஒரே பாக்கெட்டில் வந்த கேப்ஸ்யூல்கள் ஒன்றுபோல இருக்கும் என்று நம்பவும் கூடாது. முன்–இடது–மேல் நோக்கும் கேப்ஸ்யூல் மட்டும் 1 டெசிபல் கூடுதலாகக் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், நேர் இடப்பக்கத்து ஒலி ஏறத்தாழ 4 டிகிரி முன்னுக்கும் 4 டிகிரி மேலுக்கும் நகர்ந்துவிடும். ஒரு டஜன் வாங்கி, ஒரே ஸ்பீக்கர் முன்னால் ஒரே இடத்தில் ஒவ்வொன்றாக வைத்து அளந்து, ஒத்துப்போகும் நான்கைப் பொறுக்குவதே சிக்கனம். பொறுக்கியதைச் சாலிடரிங்கில் கெடுத்துவிடாதீர்கள். எலெக்ட்ரெட் (நிலையான மின்னேற்றம் கொண்ட கேப்ஸ்யூல் வகை) சூடு தாங்காது. தொட்டதும் எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவு பார்த்துச் செய்துவிட்டு, ப்ரீஆம்பில் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் கருவி) நான்கு குமிழ்களையும் கண்ணளவில் திருப்பினால் உழைப்பெல்லாம் வீண். நான்கும் சேர்ந்தே நகரும் வசதியுள்ள ரெக்கார்டர் நல்லது.

கடைசியாக, மைக் மேல் பழியைப் போடுமுன் சேனல் வரிசையைப் பாருங்கள். பழைய வரிசை டபிள்யூ (திசையில்லாத ஒலி), எக்ஸ் (முன்–பின்), ஒய் (இடம்–வலம்), இசட் (மேல்–கீழ்). இப்போது பரவலாக இருக்கும் ஆம்பிக்ஸ் என்ற கோப்பு முறையில் டபிள்யூ, ஒய், இசட், எக்ஸ். பழைய வரிசையில் எழுதிய கோப்பை ஆம்பிக்ஸ் என்று திறந்தால், முன்னால் உட்கார்ந்து பாடியவர் இடப்பக்கம் போய்விடுவார்; இடப்பக்கம் இருந்த மிருதங்கம் தலைக்கு மேலே கேட்கும். அதற்காக மைக்கைப் பிரிக்க வேண்டியதில்லை.