பழைய டூ ஸ்ட்ரோக்குக்கு ஒற்றைப் பக்க ஸ்விங் ஆர்ம்: எங்கே தப்பு நடக்கிறது?

பின்சக்கரத்தை ஃப்ரேமோடு இணைத்து மேலும் கீழும் அசையும் கைதான் ஸ்விங் ஆர்ம். பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கில் அதைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை ஒரே பக்கம் பிடிக்கும் ஆர்மை மாட்டும் வேலையில் வெல்டிங் குறைவு. அளவெடுப்பதும் லேத்தில் கடைவதும்தான் அதிகம். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு இறங்கியவர்களின் வண்டிதான் பாதி பிரித்தபடி மூலையில் நிற்கும்.

1990-இல் வந்த ஹோண்டா என்.எஸ்.ஆர். 250 ஆர், அதாவது எம்.சி.21 என்ற குறியீடு கொண்ட மாடலை எடுத்துக்கொள்வோம். அதன் ஸ்விங் ஆர்மின் வலது கை வில்லாக வளைந்திருக்கும். இரண்டு எக்ஸ்பான்ஷன் சேம்பர்களும் (டூ ஸ்ட்ரோக்கின் உப்பிய புகைக்குழாய்கள்) வலப்பக்கமாகவே போவதால் அவற்றுக்கு வழிவிட்ட வளைவு அது. அடுத்து வந்த 1994 மாடல் எம்.சி.28-இல் ஹோண்டாவே வலது கையை எடுத்துவிட்டு, இடப்பக்கம் மட்டும் பிடித்திருக்கும் ப்ரோ ஆர்மைக் கொடுத்தது. அதைப் பார்த்துவிட்டு, எம்.சி.28 ஆர்மையோ ஹோண்டாவின் இன்னொரு வண்டியான வி.எஃப்.ஆர். 400-இன் ஆர்மையோ பழைய வண்டிக்கு மாட்டும் ஆசை பலருக்கு வருகிறது. பின்சக்கரம் திறந்து தெரியும் அழகுக்காக என்றால் சரி. எடை குறையும் என்று நம்பினால் அதுவே முதல் தவறு. சக்கரத்தை ஒரே பக்கத்திலிருந்து தாங்கும் ஆர்ம் முறுக்கையும் தனியாகத் தாங்க வேண்டும். அதனால் பருமனாகத்தான் இருக்கும். 750 சிசி வண்டியின் ஆர்மை 250-இல் தொங்கவிட்டால், மேடு பள்ளத்தில் பின்பக்கம் எழும்பித் தட்டுவதிலேயே அது தெரிந்துவிடும். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்களுக்குப் பழக்கமான என்.எஸ்.ஆர். 150 எஸ்.பி.யின் ப்ரோ ஆர்ம் கதை வேறு. அது 150-இன் எடைக்கும் சக்கர அகலத்துக்கும் செய்தது. விலை மலிவு என்று அதை 250-க்கு எடுக்க வேண்டாம்.

அடுத்த தவறு, ஆர்மை மட்டும் வாங்குவது. ஆக்சில், எக்சென்ட்ரிக் ஹப் (மையம் விலகிய துளையுள்ளது, சுழற்றினால் செயின் இறுகும்), ஸ்ப்ராக்கெட் கேரியர், குஷ் ரப்பர்கள் (செயின் இழுப்பின் அதிர்ச்சியைத் தாங்குபவை), காலிப்பர் பிராக்கெட், வீல் நட், கூம்பு வாஷர், லிங்கேஜ் (ஷாக்கை ஆர்மோடு இணைக்கும் அமைப்பு), ஷாக் என எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். விட்டுப்போன கூம்பு வாஷர் ஒன்றைத் தேடி மாதக்கணக்கில் அலைய நேரிடும். ஹப் பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்து "நல்லா ஓடுது" என்று விட்டுவிடாதீர்கள். பளு இல்லாமல் சுற்றினால் தேய்ந்த பேரிங்கும் வழுக்கிக்கொண்டு ஓடும். கழற்றிய கையோடு மாற்றிவிடுங்கள்.

பெரும்பாலோர் சறுக்கும் இடம் பிவட், அதாவது ஆர்ம் ஃப்ரேமோடு சேர்ந்து அசையும் அச்சு. ஃப்ரேமின் உள் அகலம், ஆர்மின் பிவட் அகலம், போல்ட்டின் விட்டம் மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதிய பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும். இரண்டுமே என்.எஸ்.ஆர். என்பதற்காக ஒன்று மற்றதில் அப்படியே உட்காரும் என்று எண்ணக் கூடாது. ஃப்ரேம் 200 மி.மீ., ஆர்ம் 194 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 6 மி.மீ. உடனே பக்கத்துக்கு மூன்றாகப் பிரித்து ஸ்பேசர் கடையக் கொடுப்பார்கள். ஆனால் அப்படி மாட்டியதும் சக்கரம் வலப்பக்கம் 2 மி.மீ. தள்ளி நிற்கிறது என்றால் என்ன செய்வது? ஆர்ம் மொத்தமும் 2 மி.மீ. இடப்பக்கம் நகர வேண்டும். ஆக இடது ஸ்பேசர் 1, வலது ஸ்பேசர் 5. எனவே முதலில் தற்காலிக வாஷர்களை அடுக்கி மாட்டுங்கள். முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை இருபுறமும் நூல் கட்டிச் சக்கரத்தின் நடுவைச் சரிபாருங்கள். அதன் பிறகுதான் லேத்துக்குப் போக வேண்டும். ஸ்பேசர் எஃகாக இருக்கட்டும்.

இங்கேயே இன்னொரு நுணுக்கம். பேரிங்குகளுக்கு நடுவே ஓடும் காலர் (குழாய் போன்ற உருளை) அரை மி.மீ. குட்டையாகிப் போனாலும், போல்ட்டை இறுக்கும்போது ஃப்ரேம் பேரிங்கை நசுக்கும். ஆர்ம் கனமாக அசையும். நீளமாக இருந்தால் பக்கவாட்டில் ஆட்டம் வரும். ஷாக்கைக் கழற்றிவிட்டு, போல்ட்டை முழு முறுக்கில் இறுக்கியபின் ஆர்ம் தன் எடையிலேயே தடையில்லாமல் இறங்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டம் தெரியக் கூடாது.

ஆர்ம் அகலமாக இருக்கிறது என்பதற்காக ஃப்ரேமை அறுக்கவோ அதில் வெல்டிங் வைக்கவோ கூடாது. அலுமினிய ஃப்ரேமில் சூடு பட்ட இடம் வலுவிழக்கும். பிவட் துளையின் நேர்கோடும் கோணிப் போகும். கடைய வேண்டியது ஆர்மின் முகப்பைத்தான், அதுவும் பேரிங் உட்காரும் ஆழம் மிஞ்சும் அளவுக்கு.

சக்கரம் நடுவுக்கு வந்த பிறகே செயின். இந்த வரிசையை மாற்றி, செயினை நேராக்க ஆர்மைத் தள்ளியவர்களின் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும். பின் ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் நேரான உலோகப் பட்டை ஒன்றை வைத்து முன் ஸ்ப்ராக்கெட் வரை பாருங்கள். வித்தியாசம் இருந்தால் ஆஃப்செட் உள்ள முன் ஸ்ப்ராக்கெட்டைப் போடலாம், அல்லது பின் கேரியரின் முகத்தைக் கடையலாம். முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் வாஷர் அடுக்குவது ஆபத்து. தண்டின் ஸ்ப்ளைனில் (நீளவாட்டு வரிப்பள்ளங்களில்) பற்கள் பாதிதான் பிடிக்கும். ஒருநாள் அவை மழுங்கிப் போகும்.

எக்சென்ட்ரிக் ஹப்பில் செயினை இறுக்கும்போது ஆக்சில் பின்னால் மட்டும் போவதில்லை, மேலோ கீழோ நகரவும் செய்யும். அதனால் வண்டியின் பின் உயரமும் மாறும். செயின் கண்ணிகளின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுக்கும்போதே எக்சென்ட்ரிக் தன் வீச்சின் நடுவில் நிற்கும்படி பாருங்கள். தளர்வை ஸ்டாண்டில் நிறுத்தி அளந்தால் போதாது. முன் ஸ்ப்ராக்கெட், பிவட், பின் ஆக்சில் மூன்றின் மையமும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் அதிகம் இறுகும். இறுக்கும் நாடாவைக் கட்டிப் பின்பக்கத்தை அந்த நிலைக்கு அழுத்தி, அங்கேயும் கொஞ்சம் தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் பேரிங்தான் பலி. ஹப்பைக் கவ்விப் பிடிக்கும் போல்ட்டை இறுக்க மறந்தால், ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் ஹப் தானாகச் சுழன்று செயின் அளவு மாறிவிடும்.

ஷாக் விஷயத்தில் கணக்குப் போடாமல் கண்ணால் பார்த்து முடிவெடுப்பது பொதுவான தவறு. சக்கரம் 120 மி.மீ. ஏறும்போது பழைய அமைப்பில் ஷாக் 60 மி.மீ. அமுங்கியது, புதியதில் 50 மி.மீ. அமுங்குகிறது என்றால், விகிதம் 2.0-இலிருந்து 2.4 ஆகிறது. சக்கரத்தில் உணரும் ஸ்பிரிங் விறைப்பு இந்த விகிதத்தின் வர்க்கத்தால் வகுபடும். அதாவது அதே ஸ்பிரிங் சக்கரத்துக்கு 69 சதவீதமாகச் சுருங்கிவிடும். ப்ரீலோடை (ஸ்பிரிங்கின் முன்அழுத்தத்தை) ஏற்றினால் உயரம் கூடுமே தவிர, விறைப்பு திரும்பாது. ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும். ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை முழு மேலேற்றம்வரை கையால் தூக்கிப் பாருங்கள். டயர் எங்கே உரசுகிறது, செயின் ஆர்மைத் தொடுகிறதா என்பதெல்லாம் அப்போது தெரியும்.

பழைய ஆர்மில் பின் டிஸ்க் வலப்பக்கம். ப்ரோ ஆர்மில் அது இடப்பக்கம், ஆர்முக்கும் சக்கரத்துக்கும் நடுவில். பிரேக் பெடலும் மாஸ்டர் சிலிண்டரும் வலப்பக்கமே இருப்பதால் ஹோஸ் குறுக்கே கடந்து வர வேண்டும். பழைய ஹோஸை இழுத்துக் கட்டினால் சக்கரம் கீழிறங்கும்போது அது விறைக்கும். காலிப்பர் கீழே தொங்கும் நிலையில் ப்ளீடர் (காற்றை வெளியேற்றும் திருகு) உச்சியில் இருக்காது, காற்று உள்ளேயே நிற்கும். காலிப்பரைக் கழற்றி, ப்ளீடர் மேலே வரும்படி பிடித்து, பேட்களுக்கு நடுவே மரக்கட்டை வைத்துக் காற்றை எடுங்கள்.

வீல் நட்டின் முறுக்கு பல ஒற்றைப் பக்க ஆர்ம்களில் 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். ஆர்ம் எந்த வண்டியுடையதோ அதன் சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள். உங்கள் வண்டியின் மேனுவல் இங்கே உதவாது. நட்டைக் கழலாமல் பிடிக்கும் கிளிப் வைத்த வகை என்றால் கிளிப் இல்லாமல் ஓட்டக் கூடாது.

கடைசியாக சேம்பர். வளைந்த ஆர்முக்காகச் செய்த சேம்பர் புதிய சக்கரத்துக்கு மிக அருகில் வரலாம். டயரில் உரசுகிறது என்று நடுவே ஒரு துண்டை வெட்டிச் சேர்த்தால், நீளம் குறைந்து பவர் பேண்ட் (இன்ஜின் நன்றாக இழுக்கும் வேக வீச்சு) மேல் ஆர்.பி.எம்.முக்குத் தள்ளிப் போகும். ஜெட்டிங்கும் (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் அளவு) மாறும். தொங்கவிடும் பிராக்கெட்டை மாற்றி வெளியே நகர்த்த முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் ஒற்றைப் பக்க ஆர்முக்கென்றே செய்த சேம்பருக்குப் பணம் ஒதுக்குங்கள்.