சான்டோரினியின் ஒயினும் தட்டும்: முதன்முறை சுவைப்பவர்களுக்குப் படிப்படியாக

மீனுக்கு வெள்ளை ஒயின், ஆட்டிறைச்சிக்குச் சிவப்பு ஒயின் என்ற சூத்திரத்தோடுதான் பலரும் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். சூத்திரம் தவறில்லை, ஆனால் ஏன் என்று அது சொல்வதில்லை. காரணம் நாக்குக்குப் பிடிபட வேண்டுமென்றால், ஒரே மண்ணில் விளைந்த ஒயினையும் உணவையும் எதிரெதிரே வைத்து ஒரு மாலை முழுக்க நிதானமாகச் சுவைக்க வேண்டும். அதற்கு நான் கைகாட்டும் இடம் கிரேக்க நாட்டின் சான்டோரினித் தீவு. அங்கே பீர்கோஸ் ஊரருகே, எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில், சான்டோ ஒயின்ஸ் என்ற விவசாயிகள் கூட்டுறவு ஆலை இருக்கிறது. 1947-இல் தொடங்கிய இந்தச் சங்கம் ஒயினோடு நின்றுவிடாமல் தீவின் ஃபாவா பருப்பு, தக்காளிச் சாந்து, கேப்பர் மொட்டு ஆகியவற்றையும் விற்கிறது. எந்த ஒயினுக்கு எந்த உணவு என்ற கேள்விக்கு அந்தக் கடையின் அலமாரியே பாதி விடை சொல்லிவிடும்.

முதலில் கொடியைத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தத் தோட்டங்களில் பந்தல் கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தபோது, யாரோ பிரம்புக் கூடைகளை வெயிலில் காயப்போட்டதுபோல் இருந்தது. கிட்டே போய்க் குனிந்தால், கூடையாக முடைந்து கிடப்பது திராட்சைக் கொடியேதான். ஒவ்வோர் ஆண்டும் கவாத்து செய்யும்போது கிளைகளைத் தரையோடு வளையமாகச் சுற்றி வைக்கிறார்கள். குலைகள் கூடைக்குள்ளே தொங்குகின்றன. கடற்காற்றும் மணலும் வெயிலும் அவற்றைத் தொடுவதில்லை. இதற்குக் கூலூரா என்று பெயர். மழை மிகக் குறைவான தீவு அது. இரவில் கடலிலிருந்து எழும் ஈரத்தை நுரைக்கல் மண் உறிஞ்சி வைத்துக்கொள்ள, கொடி அதைக் குடித்துப் பிழைக்கிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலை விட்டுப்போன மண். அதில் களிமண் அநேகமாக இல்லை. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்டங்களைச் சூறையாடிய பில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சியால் களிமண் இல்லாத இந்த மண்ணில் வாழ முடியவில்லை. அதனால் கொடிகள் பூச்சியைத் தாங்கும் வேறு வேரில் ஒட்டுக் கட்டப்படாமல் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. இவ்வளவு கடுமையில் விளைந்த பழத்தின் சாறு இளகியதாக எப்படி இருக்கும்? அதன் புளிப்பும் உவர்ப்பும்தான் இன்றைய பாடம்.

படி 1: பாட்டில்களைத் தேர்ந்தெடுத்தல்

மூன்று பாட்டில் போதும். முதலாவது, அசிர்த்திகோ திராட்சையில் செய்த சாதாரண வெள்ளை ஒயின். லேபிளில் சான்டோரினி என்றிருக்க வேண்டும். அசிர்த்திகோவின் அருமை என்னவென்றால், எவ்வளவு வெயிலில் பழுத்தாலும் அதன் புளிப்பு குறைவதில்லை. இரண்டாவது, நிக்தேரி என்ற இன்னொரு வெள்ளை ஒயின். கிரேக்க மொழியில் இரவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். பறித்த பழத்தை வெயில் படுமுன் அன்றிரவே பிழிந்து முடிக்கும் வழக்கம் இருந்தது. இது மரப் பீப்பாயில் சில மாதங்கள் இருந்து வருவதால் சற்றுக் கனமாக இருக்கும். மூன்றாவது, வின்சாந்தோ. பழத்தைப் பறித்து இரண்டு வாரம்போல வெயிலில் உலர்த்தி, பிறகு பிழிந்து, பீப்பாயில் குறைந்தது 24 மாதம் வைத்தெடுக்கும் இனிப்பு ஒயின்.

மூன்றும் கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அசிர்த்திகோ ஒன்று இருந்தாலே கீழே சொல்லும் முக்கியமான சோதனையைச் செய்துவிடலாம்.

படி 2: ஃபாவா சமைத்தல்

இதை முந்தைய நாளே செய்து வைக்காதீர்கள். ஆறினால் கெட்டியாகி இறுகிவிடும். சான்டோரினி ஃபாவா என்பது பெரிய அவரை வகை இல்லை. லாத்திரஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பயறின் மஞ்சள் பருப்பு. எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்துபோன அக்ரோதிரி ஊரின் அகழாய்வில் இதே பயறின் விதைகள் கிடைத்திருக்கின்றன. கடையில் கிடைக்காவிட்டால் மஞ்சள் பட்டாணிப் பருப்பு போதும்.

கால் கிலோ பருப்பைக் கழுவி, நான்காக வெட்டிய ஒரு வெங்காயத்துடன் ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டு அடுப்பில் வையுங்கள். ஊற வைக்கத் தேவையில்லை. முதல் கொதியில் மேலே வெண்ணுரை திரளும். கரண்டியால் அதை வழித்து எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு பச்சை வாடை தங்கிவிடும். பிறகு தீயைக் குறைத்து முக்கால் மணி நேரம், சில சமயம் ஒரு மணி நேரம். பருப்பு தானாகவே குழைந்து, கரண்டியை இழுத்தால் தடம் ஒரு நொடி நின்று மூடிக்கொள்ளும் பதம் வர வேண்டும். அப்போதுதான் உப்பு போட்டுக் கடையுங்கள். நாம் பருப்பு கடைவதைப் போலவேதான், தாளிப்பு மட்டும் இல்லை. இறக்கிய பிறகு மூன்று மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டுக் கலக்கி, தட்டில் பரப்பி, பொடியாக அரிந்த பச்சை வெங்காயமும் ஒரு கரண்டி கேப்பரும் தூவுங்கள். எலுமிச்சையை இப்போது பிழியாதீர்கள். அது தனியாக ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும். காரணம் பின்னால் வருகிறது.

கூடவே தக்காளிப் பணியாரம்போல ஒன்று செய்யலாம். தொமாத்தோகெஃப்தேதெஸ் என்பார்கள். தீவின் சிறு தக்காளிக்கு நீர்ச்சத்து குறைவு, இனிப்பு அதிகம். நாம் செர்ரி தக்காளியைப் பயன்படுத்தலாம். பொடியாக நறுக்கி, உப்பிட்டு, நீரை வடித்து, வெங்காயம், புதினா, கைப்பிடி கைப்பிடியாகக் கோதுமை மாவு சேர்த்துப் பிசைந்து, எண்ணெயில் கரண்டி கரண்டியாக விட்டுப் பொரித்தெடுங்கள். உளுந்து வடையைவிட மாவு தளர்வாக இருக்கலாம்.

இவற்றோடு கொஞ்சம் ஃபெத்தா பாலாடைக்கட்டி, பொரித்த நெத்திலி அல்லது சுட்ட மீன், இறுதிக்கு உலர்ந்த அத்திப்பழம். தட்டு நிறைந்துவிட்டது.

படி 3: குளிர்ச்சி

பலரும் தடுக்கி விழும் இடம் இது. அசிர்த்திகோவைப் பனிக்கட்டிபோல் குளிர்வித்தால் வாசனை அடைத்துப்போய், வெறும் புளிப்பு மட்டும் பல்லைக் கூச வைக்கும். குளிர்பதனப் பெட்டியில் மூன்று மணி நேரம் வைத்து, ஊற்றுவதற்கு இருபது நிமிடம் முன் வெளியே எடுங்கள். 10 முதல் 12 டிகிரி செல்சியஸ் சரியாக இருக்கும். நிக்தேரி அதைவிட இரண்டு டிகிரி கூடுதலாக இருக்கலாம். கோப்பையில் ஆளுக்கு 75 மில்லிக்கு மேல் வேண்டாம்; 750 மில்லி பாட்டிலில் ஆறு பேர் சுவைத்த பிறகும் இரண்டாம் சுற்றுக்கு மிஞ்சும். துப்புவதற்கு ஒரு கிண்ணமும் வையுங்கள். ஒயின் சுவைப்பவர்கள் துப்புவது அநாகரிகம் இல்லை, அது தொழில் முறை. வண்டி ஓட்ட வேண்டியவர் கட்டாயம் துப்பட்டும்.

படி 4: முதலில் ஒயின் மட்டும்

உணவைத் தொடாமல் அசிர்த்திகோவை ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுவதும் உருட்டி, பிறகு விழுங்குங்கள். நமக்கு அறுசுவை என்ற அளவுகோல் கையிலேயே இருக்கிறது. வேறு அகராதி வேண்டாம். இனிப்பு இல்லை. புளிப்பு கூர்மை, எலுமிச்சைச் சாறு கன்னத்தின் உட்புறத்தை இழுப்பதுபோல் எச்சில் ஊறும். கடைசியில் நாக்கு நுனியில் உப்புக்கல் பட்டதுபோல் ஒரு மெல்லிய உவர்ப்பு. நனைந்த கல்லின் வாசனையும் சிலருக்குக் கிடைக்கும். கண்டதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 5: உணவோடு

இப்போது எலுமிச்சை பிழியாத ஃபாவாவை ஒரு வாய் சாப்பிட்டு, உடனே ஒயினைக் குடியுங்கள். பருப்பின் மாவுத்தன்மையையும் எண்ணெய்ப் பிசுபிசுப்பையும் ஒயின் துடைத்தெடுத்துவிடும். ஒயினின் புளிப்பு எலுமிச்சையின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்து ஃபாவாவின் ஓர் ஓரத்தில் மட்டும் எலுமிச்சை பிழிந்து, அதைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி குடியுங்கள். சற்றுமுன் கூராக இருந்த ஒயின் இப்போது வட்டமாக, லேசாக இனிப்பதுபோலக்கூடத் தோன்றும். ஒயின் மாறவில்லை. உணவின் புளிப்பு உங்கள் நாக்கை முன்கூட்டியே பழக்கிவிட்டது. புளிப்பான உணவுக்கு அதற்கு ஈடான புளிப்புள்ள ஒயின் வேண்டும், இல்லையென்றால் ஒயின் சப்பென்று ஆகிவிடும் என்ற விதியை நான் எத்தனையோ முறை படித்திருந்தேன். இந்த இரண்டு வாய்க்குப் பிறகுதான் அது எனக்கு உண்மையாயிற்று.

மூன்றாவதாகக் கேப்பர் அல்லது ஃபெத்தாவோடு. உப்பு ஒயினின் புளிப்பை மழுக்கி, பழ வாசனையை மேலே கொண்டுவரும். ஏகியன் கடலில் உப்பும் ஒயினும் பழைய கூட்டாளிகள்: சான்டோரினிக்குக் கிழக்கே உள்ள கோஸ் தீவில் பண்டைக் காலத்தில் ஒயினில் கடல்நீரையே கலந்தார்கள். அந்தத் தீவின் பாணியில் செய்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டு அகழாய்விலும் கிடைத்திருக்கின்றன. அந்த உவர்ப்பை நம் கடற்கரையிலும் யாரோ சுவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

பொரித்த தக்காளிக்கும் நெத்திலிக்கும் அசிர்த்திகோவே நல்லது. சுட்ட மீன், வெண்ணெயில் வதக்கிய இறால், கோழி என்று கனம் கூடும்போது நிக்தேரிக்கு மாறுங்கள். தீவில் மவ்ரோத்ராகனோ என்ற சிவப்பு ஒயினும் உண்டு; நெல்லிக்காயைக் கடித்ததுபோல் துவர்க்கும். அதை ஆட்டிறைச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் மீனோடு சேர்ந்தால் வாயில் இரும்பு வாடை வரும். ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்: அன்றைய மேசையில் பச்சை மிளகாய் வேண்டாம். காரம் ஆல்கஹாலின் எரிச்சலைக் கூட்டும். 13, 14 சதவீத ஒயினில் அது நன்றாகவே தெரியும்.

படி 6: வின்சாந்தோ

கோப்பையை மாற்றுங்கள், 40 மில்லி போதும். தேன் நிறத்திலிருந்து காப்பி நிறம்வரை இருக்கும். உலர்ந்த அத்தி, திராட்சை, காய்ச்சிய வெல்லப்பாகு மணம். இனிப்பு ஒயினுக்கு ஒரே நிபந்தனை, பலகாரம் ஒயினைவிட இனிப்பாக இருக்கக் கூடாது. தேனில் ஊறிய பக்லாவாவோடு குடித்தால் ஒயின் மெலிந்து புளிக்கும். அத்திப்பழம், வறுத்த பாதாம், உப்பான நீலப் பாலாடைக்கட்டி ஆகியவை பொருந்தும். தீவினர் ஈஸ்டருக்குப் புதிய பாலாடையும் மாஸ்டிக் பிசினும் சேர்த்துச் சுடும் மெலித்தீனியா கிடைத்தால் அதுவே முதல் தேர்வு.

மிஞ்சிய வின்சாந்தோவை மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். அசிர்த்திகோவில் ஒரு கோப்பையாவது மிச்சம் வையுங்கள். மறுநாள், காற்றுப் பட்டு வாசனை திறந்துகொண்ட பிறகு, மீந்த ஃபாவாவைக் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடாக்கி அதோடு குடித்துப் பாருங்கள். முதல் நாள் எழுதிய தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.