விடிந்தால் காற்றிறங்கிக் கிடந்த பின்சக்கரம்

இமயமலையில் மணாலியிலிருந்து லடாக்கின் லேவுக்குச் சைக்கிளில் போனபோது, பாரலாச்சா கணவாயைத் தாண்டி சர்ச்சூவில் இறங்கியதும் தொல்லை தொடங்கியது. இரவில் கல்லாக இருக்கும் பின்சக்கரம், விடிந்தால் சப்பையாகக் கிடக்கும்.

முதலில் டயருக்குள் முள் தேடினேன். விரல்தோல் உரிந்ததுதான் மிச்சம். பிறகு வால்வைச் சந்தேகித்தேன். புது ட்யூப் போட்டேன்; 21 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கட்டா லூப்ஸில் பாதி ஏறும்போதே அதுவும் போயிற்று. மூன்று நாள் இப்படியே கழிந்தது.

பாங் என்ற இடத்தில் ஒரு கூடாரக் கடையில் வாளி கேட்டு வாங்கி, இரண்டு ட்யூப்களையும் தண்ணீரில் முக்கினேன். இரண்டிலும் குமிழி வந்தது ரிம்மை ஒட்டிய உட்பக்கத்தில், வால்விலிருந்து சரியாக ஒரு சாண் தூரத்தில். ரோட்டு முள் அந்தப் பக்கம் எப்படிக் குத்தும்? ட்யூபை ரிம்மின் மேல் வால்வுக்கு வால்வு பொருத்திப் பார்த்தேன். ரிம்மின் ஆரக்கம்பித் துளைகளை மூடும் பிளாஸ்டிக் பட்டை அங்கே மட்டும் ஒதுங்கி, துளையின் விளிம்பு பிறைநிலா போல எட்டிப் பார்த்தது. நீண்ட இறக்கத்தில் பிரேக் கட்டை உரசி ரிம் சூடேற, பட்டை இளகி நகர்ந்திருக்கிறது. போதாக்குறைக்கு, உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், மணாலியில் அடித்த காற்றே முதல் ட்யூபை இன்னும் உப்ப வைத்திருக்கும்.

பட்டையை உரித்துவிட்டு, முதலுதவிப் பெட்டியிலிருந்த துணி பிளாஸ்திரியை இரண்டு சுற்று இழுத்து ஒட்டினேன். வால்வுக்கு மட்டும் ஓட்டை. 5,300 மீட்டருக்கு மேலுள்ள தங்லாங் கணவாயை ஏறி இறங்கியும், லே வரை பம்பைத் தொடவில்லை. அப்பாடா!